கச்சானுக்குப் பூட்டிய பாய்

மட்டக்களப்பில் ஒருவர் "கச்சான்" என்று சொன்னால் கேட்பவருக்கு எது நினைவுக்கு வரும் என்பது காலத்தைப் பொறுத்தது. கோயில் திருவிழாவென்றால் கடைத்தட்டில் சூடு ஆறாமல் குவிந்து கிடக்கும் வறுத்த கச்சான், அதாவது நிலக்கடலை. ஆனி, ஆடி மாதத்து நண்பகலென்றால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கமிருந்து வந்து உதட்டை வெடிக்கச் செய்து, வீட்டுக் கதவுகளை அடித்துச் சாத்தும் மேற்குக் காற்று. இக்கட்டுரை இரண்டாவது கச்சானைப் பற்றியது. அந்தக் காற்றுக்கு ஒரு விண்ட்சேர்பிங் பந்தயப் பாயை எப்படிப் பூட்டுவது என்பதை நான் முதலில் பிழையாக விளங்கிக்கொண்டு, மூன்று பருவங்கள் தண்ணீர் குடித்த பிறகு திருத்திக்கொண்டேன். அதே பாயை மார்கழி, தை மாதத்து வாடைக் காற்றுக்கு ஏன் வேறு விதமாகப் பூட்ட வேண்டியிருக்கிறது என்பதும் இதற்குள் வரும்.

விண்ட்சேர்பிங் பலகையைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு விளக்கம். 1960களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹொயில் ஷ்வைட்சர் என்ற இருவர் அலைச்சறுக்குப் பலகையின் மேல் ஒரு பாய்மரத்தை நிறுத்தினார்கள். மரத்தின் அடியில் எந்தப் பக்கமும் சாயக்கூடிய மூட்டு ஒன்றை வைத்ததுதான் அவர்களுடைய கண்டுபிடிப்பின் உயிர். இதில் சுக்கான் கிடையாது. பாயை முன்னே சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும், பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். நம்முடைய பாய்த்தோணிகளில் காற்று மிஞ்சும்போது தாமான் கயிற்றைத் தளர்த்திப் பாயைக் காற்றிலிருந்து விடுவிப்பார்கள். பாய்ப்பலகையில் தாமான் இல்லை. பாய்காரனின் இரண்டு கைகளும், இடுப்பில் கட்டி, பூமிலுள்ள கயிறுகளில் கொளுவிக்கொள்ளும் ஹார்னஸ் என்ற கொக்கிப் பட்டியுமே தாமான். (பூம் என்பது பாயைப் பிடிக்கும் கைப்பிடிச் சட்டம்.) பாய் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவையும் உடம்பு தாங்க வேண்டும். ஆகவே மிஞ்சிய காற்றை வெளியே விடும் வேலையைப் பாயே செய்துகொள்ளும்படி, தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே கரையில் வைத்துப் பூட்டியாக வேண்டும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஊரில் அல்ல. தோஹாவில் வேலை செய்த ஒன்பது ஆண்டுகளில், வெள்ளிக்கிழமைகளில். வளைகுடாவில் வடமேற்கிலிருந்து வரும் ஷமால் காற்றில் பழகியவன் நான். திரும்பி வரும்போது 7.8 சதுர மீற்றர் பந்தயப் பாய் ஒன்றையும், 460 சென்ரிமீற்றர் கார்பன் பாய்மரம் ஒன்றையும், கைமாறி வந்த பலகை ஒன்றையும் கொண்டுவந்தேன். வீட்டில் அதைப் பார்த்தவர்கள் கூடாரமா என்று கேட்டார்கள். என் உடல் எடை 72 கிலோ. இந்தப் பாய் எனக்கு 12 நொட் முதல் 18 நொட் வரையான காற்றுக்குச் சரியானது என்று தோஹாவில் கண்டிருந்தேன். ஒரு நொட் என்பது மணித்தியாலத்துக்கு 1.852 கிலோமீற்றர், வானிலை அறிவிப்பில் மணித்தியாலத்துக்கு 30 கிலோமீற்றர் என்று சொன்னால் ஏறத்தாழ 16 நொட். கணக்கு ஒத்து வந்தது. கச்சான் ஒத்து வரவில்லை.

முதல் நாள் கல்லடிக்குத் தெற்கே, வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைப் பக்கத்தில் இறங்கினேன். கடலில் இறங்காததற்குக் காரணம் உண்டு. கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று. கடலில் ஒரு கயிறு அறுந்தாலும் பலகை வங்காள விரிகுடாவுக்குள் போய்க்கொண்டே இருக்கும். வாவியிலோ, எழுவான்கரையிலிருந்து இறங்கியவனை மேற்குக் காற்று திரும்பவும் எழுவான்கரையிலேயே கொண்டுவந்து சேர்க்கும். இவ்வளவு தூரம் சரியாகவே யோசித்திருந்தேன். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "மனே, அங்கால வலை கிடக்கு, பாத்துப் போ" என்று மட்டும் சொன்னார். வலை வரைக்கும் நான் போகவே இல்லை. இருநூறு மீற்றர் போவதற்குள் ஒரு வீச்சு வந்து, பின்கையிலிருந்த பாரம் திடீரென்று இரண்டு மடங்காகி, பாய் என்னைத் தூக்கிப் பலகையின் மூக்குக்கு மேலாக எறிந்தது. எழுந்து ஏறினேன், மீண்டும் எறிந்தது. பந்தயப் பாயின் முன்விளிம்பில் பாய்மரம் நுழையும் உறை அகலமானது. அது தண்ணீரில் கிடக்கும் நேரத்தில் வாளி வாளியாகத் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். அதை வடியவிட்டுத் தூக்குவதற்குள் தோள் விட்டுப்போகும். நான்காவது முறைக்குப் பிறகு பாயைப் பலகையின் மேல் போட்டு, காற்று தள்ளிய வழியே கரைக்கு வந்தேன்.

காற்று பலமாக இருக்கிறது, ஆகவே எல்லாக் கயிறுகளையும் இன்னும் இறுக்க வேண்டும் என்றுதான் அன்று முடிவு செய்தேன். அந்த முடிவுதான் மூன்று பருவங்களைத் தின்றது.

பாயில் முக்கியமான கயிறுகள் இரண்டு. பாயின் அடிமூலையைப் பாய்மரத்தின் கீழ்முனையை நோக்கி இழுப்பது டவுன்ஹோல். பின்மூலையைப் பூம் எனப்படும் கைப்பிடிச் சட்டத்தின் கடைசியை நோக்கி இழுப்பது அவுட்ஹோல். இவற்றைக் கீழ்க்கயிறு, பின்கயிறு என்றே இங்கே எழுதுகிறேன். பின்கயிற்றின் வேலை கண்ணுக்கு உடனே தெரியும்: இழுத்தால் பாயின் வயிறு குறைந்து தட்டையாகும், விட்டால் வயிறு வைக்கும். வயிறு வைத்த பாய் மெல்லிய காற்றிலும் இழுக்கும். தட்டைப் பாய் இழுக்காது, ஆனால் காற்றை வெட்டிக்கொண்டு போகும். இது எவருக்கும் விளங்கும். கீழ்க்கயிற்றின் வேலை அப்படிப்பட்டதல்ல. இழுக்கப்படுவது கீழே, மாறுவது உச்சியில். கயிற்றை இழுக்க இழுக்கப் பாய்மரம் வில்லைப் போல வளைகிறது. மேற்பகுதி மெல்லியதாகையால் அதிகமாக வளைகிறது. மரத்தின் நுனி பின்பக்கம் சாயும்போது நுனிக்கும் பூமின் கடைசிக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்து, பாயின் பின்விளிம்பு தளர்ந்து துவள்கிறது. வீச்சு வரும்போது அந்தத் தளர்ந்த பகுதி கதவு திறப்பதைப் போலத் திறந்து, மிஞ்சிய காற்றை வெளியே விட்டுவிட்டு, வீச்சு போனதும் மூடிக்கொள்கிறது. தாமானின் வேலையைப் பாயே செய்யும் இடம் இதுதான்.

கரையில் கிடக்கும்போது இந்தத் தளர்ச்சி பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கும். உச்சியிலிருந்து மூன்று பேட்டன்களுக்கு (பாயைக் குறுக்கே விறைப்பாக வைத்திருக்கும் சட்டங்களுக்கு) இடையில் துணி சுருங்கித் தொங்கும். புதிதாகப் பழகுகிறவர் எவரும் இதைக் கண்டால் பாய் பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கயிற்றைத் தளர்த்திவிடுவார். நானும் தோஹாவில் அரைவாசிக்கு மேல் தளர விட்டதில்லை. ஷமால் எனக்கு வாய்த்த நாட்களில் ஒரு மணி நேரம் ஒரே அளவில் நின்று வீசியது. உச்சி திறக்கவேண்டிய தேவை குறைவாக இருந்தது. அந்தப் பழக்கத்தை அப்படியே பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்திருந்தேன்.

கச்சானின் குணம் வேறு. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது தன் ஈரத்தை மழையாகக் கொட்டிவிடுகிறது. கிழக்குப் பக்கம் இறங்கும் உலர்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீற்றர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வீதம் சூடேறுகிறது. பிறகு படுவான்கரையின் வெயிலில் காய்ந்த வயல்வெளிகளைக் கடந்து வருகிறது. சூடான நிலத்தின் மேல் காற்று ஒரே படலமாக நகர்வதில்லை; சூடான பொதிகள் மேலே எழும்ப, மேலே வேகமாக ஓடும் காற்று இடைவெளிகளில் கீழே இறங்கி அடிக்கும். ஆகவே கச்சானில் 12 நொட்டும் 20 நொட்டும் ஒரே நிமிடத்துக்குள் மாறி மாறி வரும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 12 நொட்டிலிருந்து 20 நொட்டுக்கு ஏறும்போது பாயின் மேலுள்ள விசை ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. 12 நொட்டுக்கு ஏற்ற பாயைப் பூட்டினால் வீச்சில் எறியப்படுவோம். 20 நொட்டுக்கு ஏற்ற சிறிய பாயைப் பூட்டினால் வீச்சுகளுக்கு இடையில் பலகை தண்ணீரில் அமர்ந்துவிடும்.

நான் இரண்டாம் பருவத்தில் செய்தது இதைவிட மோசம். பின்கயிற்றை முழுப் பலத்தோடு இறுக்கி, கீழ்க்கயிற்றைப் பழைய அளவிலேயே வைத்திருந்தேன். அதாவது கீழே வயிறில்லாத தட்டைப் பாய், மேலே திறக்க மறுக்கும் உச்சி. மெல்லிய காற்றில் இழுக்காது, வீச்சில் விடாது. இரண்டு கெடுதல்களையும் ஒரே பாயில் சேர்த்துப் பூட்டியிருந்தேன்.

இதைக் கண்டுபிடித்தது நானல்ல, என் மருமகன். அவன் பள்ளிக்கூடம் முடிந்து கரைக்கு வந்து, நான் விழுவதைத் தொலைபேசியில் படம்பிடிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தான். ஒரு நாள் அந்தக் காட்சியை மெதுவாக ஓடவிட்டுக் காட்டி, "பாருங்க மாமா, மத்த ஆக்கள்ர வீடியோவில பாய் மேல மடியுது, உங்கட பாய் பலகை மாதிரி நிக்குது" என்றான். உண்மைதான். வீச்சு வந்த கணத்தில் பாயின் கீழ்ப்பகுதி மேல்ப்பகுதி எல்லாம் ஒரே கோணத்தில் விறைத்து நின்றன. விசையின் மையம் உச்சியிலும் பின்னேயும் ஏறி, நெம்புகோலைப் போல என்னைத் தூக்கிற்று. பாயின் மேற்பகுதியில் உற்பத்தியாளரே இரண்டு சிறு புள்ளிகளை அச்சிட்டிருக்கிறார். தளர்ச்சி பின்விளிம்பிலிருந்து உள்ளே எந்தப் புள்ளிவரை வரவேண்டும் என்பதற்கான அடையாளங்கள் அவை. ஒன்று மெல்லிய காற்றுக்கு, மற்றது பலத்த காற்றுக்கு. ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பாயை உருட்டி விரித்த நான் அவற்றை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கீழ்க்கயிற்றை இரண்டாவது புள்ளிவரை இழுத்தோம். என் பாயின் முன்விளிம்பு 488 சென்ரிமீற்றர், பாய்மரம் 460, ஆகவே அடியில் செருகும் நீட்டுக் குழாயை 28இல் வைக்க வேண்டும். நான் வழக்கமாக விட்டுவந்த இடைவெளிக்கும் இந்த இடத்துக்கும் இடையில் மூன்று சென்ரிமீற்றர்கூட இல்லை. ஆனால் அந்தக் கடைசி இரண்டு சென்ரிமீற்றரை இழுப்பது முதல் இருபதை இழுப்பதைவிடக் கடினம். பாயில் மூன்று, குழாயில் மூன்று என ஆறு கப்பிகளின் வழியே கயிறு ஓடுவதால் கணக்குப்படி இழுவை ஆறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். உப்பும் மணலும் உராய்வும் அதில் பெரும் பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கயிற்றை ஒரு மண்வெட்டிப் பிடித்துண்டில் சுற்றி, குழாயில் காலை ஊன்றி, முதுகை நிமிர்த்தி இழுக்கிறோம். கப்பிகளில் கயிறு ஒன்றையொன்று குறுக்கே வெட்டாமல் கோர்த்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது முதுகுக்கு நல்லது.

அதோடு பின்கயிற்றைத் தளர்த்தினோம். இங்கேதான் என் மனம் ஒப்பவில்லை. காற்று பலமாக அடிக்கும்போது பாய்க்கு வயிறு வைப்பதா? ஆனால் கச்சானின் கணக்கு அப்படித்தான் வருகிறது: உச்சி வீச்சைக் கவனித்துக்கொள்ளும், வீச்சுகளுக்கு இடையில் பலகையை மிதக்க வைத்திருப்பது பூமுக்குப் பக்கத்திலுள்ள வயிறு. பாயின் பின்மூலை தானாக நிற்கும் இடத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றர் மட்டும் இழுத்துக் கட்டினேன். இறங்கியபோது பாய் இலேசாக, ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. முதல் வீச்சு வந்தது. தலைக்கு மேலே துணி படபடவென்று ஒரு முறை அடித்துத் திறந்தது. பின்கையில் பாரம் கூடியது, ஆனால் இரட்டிக்கவில்லை. கூடிய விசை பலகையின் வேகமாக மாறியது. அன்று படுவான்கரைப் பக்கத்து நாணல்வரை போய்த் திரும்பினேன்.

வாடை வேறு. மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து கடலைக் கடந்து வரும் காற்று, வெயிலில் காய்ந்த நிலத்தைத் தொடாமல் வருவதால் சீராக வீசும். 14 நொட் என்றால் 13க்கும் 16க்கும் இடையில் நிற்கும். ஆனால் இதை அனுபவிக்க இடம் பார்க்க வேண்டும். வாவிக்குள் எழுவான்கரையை ஒட்டி ஓடினால், தென்னந்தோப்புகளையும் மாடி வீடுகளையும் தாண்டி வரும் வாடை கச்சானைவிடக் கேவலமாகக் குழம்பியிருக்கும். தென்னை 15 மீற்றர் உயரமென்றால் அதற்குப் பின்னால் 150 மீற்றர் வரையாவது காற்றை நம்ப முடியாது. ஆகையால் வாடைக்கு நான் பாசிக்குடாவுக்குப் போகிறேன். அங்கே காற்று கடலிலிருந்து நேரே வருகிறது. கயிறு அறுந்தாலும் கரைக்கே தள்ளும். நெடுந்தூரம் இடுப்பளவு தண்ணீர்தான் என்பதால் விழுந்தால் நின்றுகொள்ளலாம். ஆனால் பலகைக்கு அடியிலுள்ள நீண்ட செட்டையை மணலில் தட்டாமல் காப்பது நம் பொறுப்பு.

பாசிக்குடாவில் அதே 7.8 பாயில் கீழ்க்கயிற்றைக் கச்சான் அளவிலிருந்து ஒன்றரை சென்ரிமீற்றர் விட்டுவிடுகிறேன். தளர்ச்சி முதல் புள்ளியோடு நின்றுவிடும். வீச்சே இல்லாத காற்றில் உச்சி திறந்து கிடந்தால் அவ்வளவும் வீண். பாயின் மேற்பகுதியும் உழைக்க வேண்டும். பின்கயிற்றை மாறாக இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் இழுக்கிறேன். காற்று குறையாது என்று தெரிந்த பின் பெரிய வயிறு தேவையில்லை, தட்டைப் பாய் வேகம் தரும். அதாவது ஏறத்தாழ ஒரே சராசரி வேகமுள்ள இரண்டு காற்றுகளுக்கு, இரண்டு கயிறுகளும் எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன. பாயின் அளவை மட்டும் காற்றின் வேகத்தோடு பொருத்திக் காட்டும் அட்டவணைகளில் இதற்கு இடமே இல்லை. அந்த அட்டவணைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லலாம்: அவற்றைப் பெரும்பாலும் குளிர்ந்த நாட்டுக்காரர்கள் எழுதினார்கள். 35 பாகை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி 15 பாகையில் உள்ளதைவிட ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. அங்கே 13.5 நொட்டில் கிடைக்கும் இழுவைக்கு இங்கே 14 நொட் வேண்டும். சிறு வித்தியாசம்தான், என்றாலும் ஊர்க்காற்று "பாரமில்லாதது" என்று எனக்குத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கயிற்றின் அளவுக்கு இவ்வளவு மதிப்பா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒலிம்பிக் பந்தயங்களைப் பார்க்கலாம். விண்ட்சேர்பிங் 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நுழைந்தது. 2008 முதல் டோக்கியோ வரையான நான்கு ஒலிம்பிக்குகளில் பயன்பட்ட ஆர்.எஸ்.எக்ஸ். வகையில் ஆண்களுக்கு 9.5, பெண்களுக்கு 8.5 சதுர மீற்றர் பாய் ஒன்றே. மெல்லிய காற்றானாலும் பலத்த காற்றானாலும் அதே பாய். பாயை மாற்ற முடியாதவர்கள் கயிற்றைத்தான் மாற்றினார்கள். பூமின் பக்கவாட்டில் கயிறு போட்டு, காற்றை எதிர்த்து ஏறும்போது பின்கயிற்றை இழுத்துத் தட்டையாக்கி, காற்றோடு இறங்கும்போது விட்டு வயிறு வைத்துக்கொண்டு ஓடுவார்கள். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்காக மார்செய்யில் நடந்த போட்டிகளில், பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கும் இறக்கை பொருத்திய ஐகியூஃபொயில் வந்தது. அங்கும் ஆண்களுக்கு 9.0, பெண்களுக்கு 8.0 என்று ஒரே அளவுதான். ஒரேயொரு பந்தயப் பாயை வைத்துக்கொண்டு இரண்டு பருவக்காற்றுகளைச் சமாளிக்கும் எனக்கு இது பெரிய ஆறுதல்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டன்களை உறைக்குள் குறுக்குச் சுருக்கம் மறையும் வரைக்கும்தான் இறுக்க வேண்டும். அதற்கு மேல் அலன் சாவியைத் திருப்பினால், பாய்மரத்தைக் கவ்வி நிற்கும் கேம்பர்கள் பக்கம் மாற மறுக்கும், ஒவ்வொரு திருப்பத்திலும் பாயை உதைத்து மாற்ற வேண்டிவரும். பூமை மெல்லிய காற்றில் தோளுயரத்துக்கு ஏற்றுகிறேன், பலத்த காற்றில் ஐந்து சென்ரிமீற்றர் இறக்குகிறேன். பாய்மர அடியைக் கச்சானிலும் தெறிக்கும் சிற்றலையிலும் ஒரு விரற்கடை முன்னே நகர்த்தினால் பலகையின் மூக்கு அடங்கியிருக்கும். ஹார்னஸ் கயிறுகளின் இடம் எல்லாவற்றுக்கும் கடைசி. கீழ்க்கயிற்றை மாற்றும் ஒவ்வொரு முறையும் விசை மையமும் நகர்வதால், ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு கைகளையும் ஒரு கணம் விட்டுப் பார்க்க வேண்டும். பின்கை இழுபட்டால் கயிறுகளைப் பின்னே, முன்கை இழுபட்டால் முன்னே. முன்னரெல்லாம் பின்கை வலித்தபோது ஹார்னஸ் கயிற்றைத்தான் பின்னே நகர்த்திக்கொண்டிருந்தேன். வலிக்குக் காரணம் இறுகி நின்ற உச்சியும் பின்னே போன வயிறும் என்பதால் அது காய்ச்சலுக்கு நெற்றியில் பற்றுப் போட்ட கதை.

பாய்மரத்தைப் பற்றி ஒரு பத்தி அவசியம். 460 என்று எழுதியிருக்கும் எல்லா மரங்களும் ஒன்றல்ல. விறைப்பு எண் 25 என்று ஒத்திருந்தாலும், சில மரங்கள் நுனியில் அதிகம் வளையும், சில நுனி விறைத்து நடுவில் வளையும். பாயின் முன்விளிம்பு எந்த வளைவுக்காக வெட்டப்பட்டதோ அந்த வளைவு கிடைக்காவிட்டால் கயிற்றால் ஒன்றும் செய்ய முடியாது. மலிவாகக் கிடைத்த நுனி விறைத்த மரமொன்றை ஒரு பருவம் வைத்துப் போராடினேன். கீழ்க்கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் பாயின் நடுப்பகுதி தட்டையானதே தவிர உச்சி தளரவில்லை. அதை இப்போது வீட்டுக் கூரையில் தேங்காய் பறிக்கும் கொக்கத்தடியாக அம்மா பாவிக்கிறார். அந்த வேலைக்கு விறைத்த நுனி மிகவும் நல்லது.

ஊரில் இதற்கான உதிரிப்பாகக் கடை கிடையாது. கீழ்க்கயிறு தேய்ந்து அறுந்தபோது மீன்பிடிச் சாமான் கடையில் அதே மொத்தத்தில் நைலோன் கயிறு வாங்கிக் கோர்த்தேன். கரையில் எல்லாம் அளந்து சரியாக இருந்தது. கால் மணி நேரத்தில் பாய் மீண்டும் பழைய பிசாசாகிவிட்டது. திரும்பி வந்து அளந்தால் கீழ்க்கயிறு ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் விட்டிருந்தது. நைலோன் இழுபடும், வலைக்கும் நங்கூரத்துக்கும் அந்தக் குணம் நல்லது, இங்கே ஆகாது. இழுபடாத டைனீமா கயிறு ஒரு சுருளை நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தந்தார். புதிய டைனீமாவும் முடிச்சுகள் இறுகும் வரை முதல் பத்து நிமிடங்களில் சற்று விடும். அதனால் ஒரு சிறு ஓட்டம் ஓடி வந்து, இன்னொரு முறை இழுத்துக் கட்டிய பிறகே தூரம் போகிறேன்.

மருமகன் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறான். திகதி, காற்றின் பெயர், இறங்கிய இடம், கீழ்க்கயிறு, பின்கயிறு, பூம் உயரம் என்று கோடு போட்டு எழுதுவான். ஒரு நாளில் ஒன்றை மட்டும்தான் மாற்றலாம் என்பது அவன் போட்ட சட்டம். பொறுமையில்லாமல் நான் இரண்டை மாற்றினால் அந்த வரியை அடித்துவிடுவான். காற்றுக் கருவி இல்லாத நாளில் தண்ணீரின் மேல் ஓடும் கருமையைப் பார்த்து வீச்சுகளுக்கு இடையிலான நொடிகளை எண்ணி எழுதுகிறான். நான் இதுவரை கண்ட காற்றளவுகளில் மிகவும் பயனுள்ளது அதுதான். அம்மம்மாவிடம் அதை வாசித்துக் காட்டினால், 1978 கார்த்திகைச் சூறாவளியைக் கண்டவர் என்ற முறையில், இதெல்லாம் ஒரு காற்றா என்பார்.

ஓடி முடிந்ததும் கயிறுகளை இறுக்கிய ஒழுங்குக்கு எதிர் ஒழுங்கில் தளர்த்துகிறோம். முதலில் பின்கயிறு, பிறகு கீழ்க்கயிறு, அதன் பிறகுதான் பூம். தேநீர் குடிக்கப் போனாலும் பின்கயிற்றை விட்டுவிட்டுப் போகிறோம். பாயிலுள்ள, மோனோபிலிம் எனப்படும் கண்ணாடித் தாளுக்கு உப்பைவிட வெயில்தான் எமன். இழுவையோடு வெயிலில் கிடந்தால் ஒரு பருவத்தில் பழுத்து, விரலால் தட்டினாலே உடையும். நல்ல தண்ணீரால் கழுவி, நிழலில் காயவைத்து, உச்சியிலிருந்து உருட்டுகிறோம். என் 7.8இன் அடிச்சதுரத்தில் ஏற்கெனவே ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு ஓடி, அதன் மேல் ஒட்டுப் போட்டிருக்கிறது. கச்சான் அளவுக்குக் கீழ்க்கயிற்றை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஒட்டின் ஓரம் கிறீச்சிடுகிறது. வருகிற ஆடி வரைக்கும் தாங்கும் என்கிறான் மருமகன். நான் ஆனியோடு நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன்.